கசநோய்த் தடைமருந்தும் கருநிறப் புற்றுநோயும்

ஒரு நோயைத் தடுப்பதற்கென ஆக்கப்பெற்ற மருந்து, அந்நோயோடு இயல்பால் வேறுபட்ட பிறிதொரு நோய்க்கு எடுத்தாளப்படுதல் மருத்துவ வரலாற்றிற் புதுவதன்று. ஆயினும், கசநோய்க்கெனப் பிரான்சிற் பிறந்த பீ. சீ. ஜீ. என்னும் தடைமருந்து, தோலில் உண்டாகும் கொடிய கருநிறப் புற்றுநோயோடு தொடர்புபட்ட வரலாறு தனித்து நோக்கற்பாலது. கசநோய்க்கும் புற்றுநோய்க்கும் பகையுண்டென்று எண் கொண்டு வாதித்தவர் கணக்கிற் பிழைத்தார். அக்கணக்குச் சரிந்த பின்னரும் கருத்துச் சரியவில்லை. வேறொரு வழியால் வந்தோர் அதனை நோயாளரின் தோலிலே கண்ணாற் கண்டனர். கண்டதை அளவுக்கு மேல் நீட்டியபோது பழைய பிழையே மீண்டும் தலைகாட்டியது. இவை நிகழ்ந்த வகையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். இலங்கையில் 1949 ஆம் ஆண்டு தொடக்கம் இடப்பட்டு வரும் இம்மருந்தின் தழும்பை நம்முட் பெரும்பாலோர் புயத்திலே சுமக்கின்றோம். ஆதலின் இவ்வரலாறு நமக்கு முற்றும் புறத்ததன்று.

கருநிறப் புற்றுநோய் யாதென்பதை முதலிற் கூறுதல் வேண்டும். நமது தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்னும் நிறப்பொருள். அதனை ஆக்கும் கலங்கள் கட்டுக்கடங்காது பெருகுவதால் விளைவதே மெலனோமா எனப்படும் இந்நோய். பழைய மச்சமொன்று நிறமும் உருவும் மாறி இவ்வாறாவதும் உண்டு. மாசற்ற தோலிற் புதிதாய்த் தோன்றுவதும் உண்டு. வெயில் மிக்க அவுஸ்திரேலியாவிற் குடியேறிய வெண்ணிறத்தாரிடையே இது மிகுதி. நம்போன்ற நிறத்தாரிடையே மிக அரிது. வருங்கால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களையே பெரும்பாலும் பற்றும். தோற்புற்றுக்களுள் இது சிறுபான்மையே எனினும், அவற்றால் நேரும் மரணங்களுட் பெரும்பகுதி இதனாலேயே நேர்கின்றது. முதற் கட்டியை வெட்டி அகற்றிய பின்னரும், அதிலிருந்து பிரிந்த கலங்கள் நிணநீர் வழியே சென்று அயலிலுள்ள தோலிற் சிறு முடிச்சுக்களாய் எழுவதுண்டு. இம்முடிச்சுக்களைப் பற்றிப் பின்னர் விரித்துக் கூறவேண்டியிருக்கும்.

இந்நோயைத் தனிநோயாக வேறுபடுத்தி விளக்கியவர் பிரெஞ்சு வைத்தியர் லெனெக் ஆவர். 1804 இற் பரிஸ் நகரில் அவர் படித்த கட்டுரை 1806 இல் அச்சாயிற்று. 1816 இல் நெஞ்சொலி கேட்கும் குழாயைக் கண்டு, அதன் துணைகொண்டு கசநோயை ஆராய்ந்து புகழெய்தியவரும் அவரே. 1826 இல் அக்கசநோயாலேயே இறந்தார். இதிற் கருத்தொன்றும் தேடவேண்டியதில்லை, வெறும் தற்செயலே. எனினும் இரு நோய்களின் வரலாறும் ஒருவர் பெயரில் வந்து கூடுதல் சொல்லாமல் விடத்தக்கதுமன்று.

கிருமியைக் கொண்டு புற்றைத் தாக்கலாம் என்னும் எண்ணம் கசநோய்க் கிருமியிலிருந்து தொடங்கியதன்று. நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்னும் இளஞ்சத்திர வைத்தியர், பதினேழு வயதுப் பெண்ணொருத்தி எலும்புப் புற்றால் 1891 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறந்ததைக் கண்டு மனம் நொந்து, வைத்தியசாலைப் பழம் பதிவேடுகளைத் துருவினார். கழுத்திற் புற்றுடைய ஒருவனுக்கு அக்கி போன்ற ஒரு தோற்சுரம் கண்டு, அச்சுரம் தணிந்தபோது கட்டியும் மறைந்தது என்றொரு குறிப்பு அங்கிருந்தது. அம்மனிதனைத் தேடிப் பிடித்தார் கோலி. ஏழாண்டின் பின்னும் அவன் நோயின்றி இருந்தான். இதனால் ஊக்கமுற்று அச்சுரத்தின் கிருமியையும், பின்னர் கொல்லப்பட்ட கிருமிகளின் கலவையையும் புற்றுக்களில் ஏற்றினார். சிலர் பிழைத்தனர், பலர் பிழைத்திலர். அக்காலத்தில் புதிதாய் வந்த எக்ஸ்ரே சிகிச்சை அவர் முறையைப் பின்தள்ளிவிட்டது.

இனிக் கசநோய்த் தடைமருந்துக்கு வருவோம். கசநோய்க் கிருமியை றொபேட் கொக் பேர்லினில் 1882 மார்ச்சு 24 இல் அறிவித்தார். 1890 இல் ரியூபக்குலின் என்னும் சாறு அந்நோயைத் தீர்க்குமென்றும் அறிவித்தார், உலகெங்குமிருந்து நோயாளர் பேர்லினுக்கு விரைந்தனர், மருந்து பொய்த்தது. அச்சாறு இன்றுவரை நோயறிகருவியாய் மட்டும் நிலைத்திருக்கின்றது. கொக் விட்ட இடத்திலே தொடர்ந்தவர்கள் பிரான்சின் லீல் நகரத்துப் பாஸ்ரர் நிலையத்தைச் சேர்ந்த அல்பேட் கல்மெற் என்னும் வைத்தியரும், கமீல் கெரன் என்னும் மிருகவைத்தியருமாவர். 1908 அளவிற் பசுவிலிருந்து பெற்ற கசக் கிருமியை, மாட்டின் பித்தநீர் ஊட்டிய உருளைக்கிழங்குத் துண்டுகளில் அவர்கள் வளர்க்கத் தொடங்கினர். பித்தநீர் சேர்த்ததன் நோக்கம் கிருமிகள் ஒன்றோடொன்று திரளாமற் செய்வதே. ஆயின் மூன்று வாரத்துக்கொருமுறை புதுக்கிழங்குக்கு மாற்றி வளர்க்க வளர்க்க, கிருமி தன் கொடுமையைச் சிறிது சிறிதாய் இழத்தலை அவர்கள் கண்டனர். 1914 இல் ஜேர்மன் படை லீலைக் கைப்பற்றியது. முற்றுகையிலும் பஞ்சத்திலும் கிழங்கும் பித்தநீரும் தேடுவதே பெரும்பாடாயிற்று. வளர்ப்பு ஒருமுறையேனும் அறுந்திருந்தால் அத்தனை ஆண்டு உழைப்பும் வீணாகியிருக்கும். அறவில்லை. ஏறத்தாழ 230 முறை மாற்றி வளர்த்து, பதின்மூன்று ஆண்டின் பின், 1921 இற் பரிஸ் நகரிற் பிறந்த குழந்தையொன்றுக்கு வாய்வழியே அம்மருந்து கொடுக்கப்பட்டது. குழந்தையின் தாய் கசநோயால் இறந்தவள். அதனை வளர்க்கவிருந்த பாட்டியும் அந்நோயுடையவள். குழந்தை நோயின்றி வளர்ந்தது. கல்மெற், கெரன் என்னும் இருவர் பெயரின் முதலெழுத்துக்களும் கிருமியைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தும் சேர்ந்ததே பீ. சீ. ஜீ.

1930 இல் ஜேர்மனியின் லூபெக் நகரில் இம்மருந்து கொடுக்கப்பட்ட ஏறத்தாழ 250 குழந்தைகளுள் எழுபதுக்கு மேற்பட்டோர் கசநோயால் இறந்தனர். அந்நகரத்து ஆய்வுகூடத்திற் கொடுமை குன்றாத கிருமி மருந்தோடு கலந்துவிட்டதே காரணமென விசாரணையில் வெளிப்பட்டது. மருந்தின் மேற் குற்றமில்லை என்று தெளிந்தபோதும் அதன் பெயர் நீண்டகாலம் மாசுபட்டிருந்தது. கல்மெற் 1933 இற் காலமானார்.

இம்மருந்து குழந்தைகளுக்கு ஊட்டப்பட்டு வந்த இவ்வாண்டுகளிலேயே, அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால் மற்றொருவர் கசநோயை வேறொரு நோக்கோடு எண்ணிக்கொண்டிருந்தார். கசமும் புற்றும் ஓருடலிற் சேர்ந்திருத்தல் அரிது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னா நகரத்து றொக்கிற்றான்ஸ்கி முதலியோர் கொண்டிருந்த எண்ணம். அதனை எண்ணால் நிறுவ முயன்றவர் பால்ரிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றேமன்ட் பேர்ள். உயிரியலிற் கணிதத்தைப் புகுத்தியவருள் முன்னணியில் நின்ற அறிஞர் அவர். அங்குள்ள வைத்தியசாலையின் பிரேத பரிசோதனைப் பதிவுகளிலிருந்து புற்றுநோயுடைய 816 பேரை எடுத்து, வயதாலும் பாலாலும் இனத்தாலும் அவர்களோடு ஒத்த, புற்றில்லாத 816 பேரை எதிர்நிறுத்தினார். புற்றுடையாருள் நூற்றுக்கு 6.6 பேரிலேயே முனைப்பான கசநோய் காணப்பட்டது. ஏனையோருள் நூற்றுக்கு 16.3 பேரிற் காணப்பட்டது. கசநோய் புற்றைத் தடுக்கின்றது என 1929 இல் அவர் முடிவு கூறினார். கூறியதோடமையாது, புற்றுநோயாளருக்கு ரியூபக்குலின் ஏற்றிப் பார்க்கும் முயற்சியும் அங்கு தொடங்கியது.

இக்கணக்கிற் பிழை எங்குளது? பேர்ள் எதிர்நிறுத்திய 816 பேரும் உயிரோடு ஊரில் உலாவியவரல்லர், அவர்களும் இறந்தவர்களே. புற்றால் இறவாதவர் வேறு ஏதேனும் ஒன்றால் இறந்திருத்தல் வேண்டும். அக்காலத்திற் பலரை இறப்பித்த நோய் கசமே. ஆகவே அத்தொகுதியிற் கசநோயாளர் மலிந்திருத்தல் இயல்பு. வகுப்பறையிலிருந்து ஓர் உதாரணம் தருவேன். ஒரு பரீட்சையிற் கணிதத்திலாவது தமிழிலாவது தவறிய மாணவரை மாத்திரம் ஓரறையில் இருத்துவோம். அங்கு கணிதத்திற் சித்தியெய்தியவர் அனைவரும் தமிழிற் றவறியவராகவே இருப்பர். இன்றேல் அவ்வறைக்கு வந்திரார். கணிதத்திற் றவறியவருள்ளோ சிலரே தமிழிலும் தவறியிருப்பர். இதைக் கண்டு, கணிதத்திற் றவறுதல் தமிழிற் றேறுதற்கு உதவும் என ஒருவர் முடிவுகட்டினால் நாம் நகைப்போம். பேர்ள் செய்தது ஏறக்குறைய அதுவே. அதே ஆண்டில் மினசோட்டாவைச் சேர்ந்த ஆய்வாளர், இருதய நோயால் இறந்தோரைப் புற்றால் இறந்தோருக்கு எதிர்நிறுத்திப் பார்த்தபோது வேறுபாடு மறைந்தது. வைத்தியசாலைப் பதிவுகளிலிருந்து எழும் இத்தகைய மயக்கத்தை 1946 இல் ஜோசப் பேர்க்சன் கணித முறையால் விளக்கினார். இன்று அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. அறிவிற் குறைந்த ஒருவரல்லர், கணக்கையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இங்ஙனம் வழுவினார் என்பதையே யான் வற்புறுத்த விரும்புகின்றேன்.

கணக்குச் சரிந்தபின் ஒரு தலைமுறை இக்கருத்தைப் பெரிதும் பேசவில்லை. 1959 இல் நியூயோர்க்கில் லொயிட் ஓல்ட், கிளார்க், பருஜ் பெனசெறாவ் ஆகியோர் அதனை வேறு வாயிலால் மீட்டனர். உடலிற் புகும் அந்நியப் பொருளை விழுங்கும் கலங்களைப் பீ. சீ. ஜீ. தூண்டுகின்றது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. அங்ஙனமாயின், புற்றுக்கலத்தையும் அவை எதிர்க்குமோ? சுண்டெலிகளுக்கு அதனைக் கொடுத்துப் பின் புற்றுக்கலங்களை நாட்டியபோது, மருந்து பெற்ற எலிகள் மற்றவற்றினும் நன்கு எதிர்த்து நின்றன. பேர்ள் இறந்தோரின் பதிவுகளைப் பார்த்தார். இவர்கள் தாமே இரு தொகுதிகளை ஆக்கி, ஒன்றுக்குக் கொடுத்து, மற்றதற்குக் கொடாது விட்டுப் பார்த்தனர். பத்தாண்டின் பின், 1969 இல், பிரான்சில் ஜோர்ஜ் மாத்தே குருதிப் புற்றுடைய சிறுவருக்கு இதனைப் பயன்படுத்திப் பெருநம்பிக்கை ஊட்டினார். 1971 இல் வெளிவந்த பிரித்தானியப் பரிசோதனை அதனை உறுதிசெய்யவில்லை.

தோலுக்கு இதனைக் கொணர்ந்தவர் டொனால்ட் மோட்டன். மேற்கு வேர்ஜினியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாக 1934 இற் பிறந்தவர். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்திற் சத்திர வைத்தியராயிருந்தார். கருநிறப் புற்று சில வேளை மருந்தின்றித் தானே வாடுவதுண்டு; ஆதலின் உடலின் தற்காப்பு இந்நோயோடு போரிடுகின்றது என்பது அவர் துணிபு. அன்றியும், இதன் முடிச்சுக்கள் தோலிலேயே தெரிவன; ஊசி குத்தலாம்; நாளுக்குநாள் அளக்கலாம். பிற புற்றுக்களில் ஆய்வாளனுக்குக் கிடையாத வசதி இது.

நோயாளர் எண்மரிற் செய்த ஆய்வை மோட்டனும் துணைவரும் 1970 இல் வெளியிட்டனர். உயிருள்ள பீ. சீ. ஜீ. யை முடிச்சினுள்ளேயே நேராக ஏற்றுவதே அவர் முறை. ஏற்றிய முடிச்சுச் சிவந்து வீங்கிப் புண்ணாகி, வாரங்கள் செல்லச் சுருங்கி மறைந்தது. இம்மட்டோடு நின்றிருந்தால் சூடு போட்டுச் சுட்டதினும் இது சிறந்ததோ என ஐயுறலாம். ஆயின் ஊசி குத்தப்படாத முடிச்சுக்களுள்ளும் சில வாடத் தொடங்கின. 1974 இல் ஏழாண்டு அநுபவத்தைத் தொகுத்து வெளியிட்டபோது, நோய் தோலளவில் நின்று உடலின் எதிர்ப்பாற்றலும் கெடாதிருந்த நோயாளரில், ஊசியேற்றிய முடிச்சுக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறும், ஏற்றாதவற்றுள் நூற்றுக்குப் பதினேழும் ஒடுங்கின என அவர் குறிப்பிட்டார். அத்தகைய நோயாளருள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர் ஓராண்டு முதல் ஆறாண்டு வரை நோயின்றி இருந்தனர். தொண்ணூற்றினும் அப்பதினேழே என் கருத்திற் பெரிது. ஊசி படாத முடிச்சை வாட்டியது ஊசியின் புண் அன்று. கிருமியை எதிர்க்க எழுந்த நிர்ப்பீடன ஆற்றல் புற்றுக்கலத்தையும் அடையாளங் கண்டுகொண்டது என்பதே அதன் பொருள்.

இதற்கு விலையும் இருந்தது. சுரம், குளிர், கல்லீரல் அழற்சி ஆகியன உண்டாயின. உயிருள்ள கிருமியாதலின் அது உடலெங்கும் பரவுதலும் நேர்ந்தது. ஊசியேற்றியதன் விளைவாக இறந்தோரும் உளர். உள்ளுறுப்புக்களை நோய் பற்றியவருக்கோ பெரும்பயன் விளையவில்லை.

ஏன் சிலரிற் பலித்து மற்றவரிற் பலிக்கவில்லை என்பதற்கு விடை கினிப்பன்றிகளிலிருந்து வந்தது. பேட்டன் சிபார், ஹேபேட் றாப் ஆகியோர் அதே தேசியப் புற்றுநோய் நிலையத்தில் 1971 ஐ அடுத்த ஆண்டுகளிற் செய்த ஆய்வுகளின்படி, கிருமி புற்றுக்கலத்தோடு நேராகத் தொடுதல் வேண்டும். புற்றுச் சிறிதாயிருத்தல் வேண்டும். உயிருள்ள கிருமி போதிய அளவினதாதல் வேண்டும். உடலும் எதிர்ப்பாற்றல் உடையதாதல் வேண்டும். இந்நான்கனுள் ஒன்று குறையினும் பயனில்லை. புயத்தில் மருந்தையிட்டு ஈரலிலுள்ள புற்றை மாற்றலாம் என்பதற்கு இவ்வாய்வில் இடமேயில்லை.

ஆயினும் காலம் பொறுமைக்கு உகந்ததாயிருக்கவில்லை. 1971 டிசம்பரிற் சனாதிபதி நிக்சன் புற்றுநோய்ச் சட்டத்திற் கையொப்பமிட்டார்; பணமும் எதிர்பார்ப்பும் ஒருங்கே பெருகின. தோலைக் கீறிப் பீ. சீ. ஜீ. தேய்க்கும் முறை பல நாடுகளிற் பரவியது. நுரையீரற் புற்று, மார்புப் புற்று, குடற்புற்று எனக் கிடைத்தவற்றிலெல்லாம் அது முயலப்பட்டது. கருநிறப் புற்றிலோ, முதற் கட்டியை வெட்டிய பின் நோய் மீளாதிருக்க இதனைக் கொடுத்தனர். முதலில் வந்த அறிக்கைகள் இனித்தன. ஏனெனில் அவற்றுட் பல, மருந்து பெற்றவரை முற்காலத்து நோயாளரின் பதிவுகளோடு ஒப்பிட்டன. முற்காலத்தவர் வேறு வகையாற் பரிசோதிக்கப்பட்டவர், வேறு வகையாற் சத்திரசிகிச்சை பெற்றவர். ஒப்புக்கு நிறுத்தத் தகாதவர். பேர்ள் தவறிய இடமும் இதுவேயாம்: எதிர்நிறுத்தும் தொகுதி யாரால் ஆயது என்னும் வினா.

நோயாளரை எழுமாறாகப் பிரித்து ஒரு சாராருக்கு மருந்தும் மற்றவருக்கு வெறும் கண்காணிப்பும் அளித்த பரிசோதனைகள் வந்தபோது இனிப்பு அகன்றது. இத்தாலியரான வெறொனேசியின் தலைமையில் உலக சுகாதார தாபனத்தின் மெலனோமாக் குழுவினர் 1982 இல் வெளியிட்ட ஆய்வு பயன் காணவில்லை. அமெரிக்காவில் 734 நோயாளரைக் கொண்டு தொடங்கி நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வின் முற்றிய முடிவு 2004 இல் வெளிவந்தது, அதுவும் அவ்வாறே. மோட்டன் தளரவில்லை. புற்றுக்கலங்களையே கதிரூட்டிச் செயலிழக்கச் செய்து, பீ. சீ. ஜீ. யோடு சேர்த்துக் கான்வக்சின் என்னும் தடைமருந்தை ஆக்கினார்; கலிபோர்ணியாவில் அவர் பணியாற்றிய நிலையம், அவரிடம் சிகிச்சை பெற்ற நடிகர் ஜோன் வெயினின் பெயரைத் தாங்கியது. ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட நோயாளரைக் கொண்ட இரு பெரும் பரிசோதனைகளும் 2005 இற் பயனின்றி நிறுத்தப்பட்டன. 2014 இல் அவர் மறைந்தபோது, நோய் நிணநீர்க்கணுவுக்குப் பரவியதோ என முதற் கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கும் அவரது சத்திர முறையே உலகெங்கும் கையாளப்பட்டது. பெயர் நிலைத்தது அதனாலே. தம் பெருங்கருத்தைத் தாமே எழுமாற்றுப் பரிசோதனைக்கு உட்படுத்தி, அது தோற்றதை உலகறியச் செய்தவர் என்ற வகையில் அவரை நான் பேர்ளினும் உயர்வாக மதிப்பேன்.

இதற்கிடையில் மருந்து தனக்குரிய இடத்தைத் தோலுக்கு வெளியே கண்டுகொண்டது. 1975 இல் மோட்டனின் குழுவினரும் டிகேர்ணியன் என்பவரும், கருநிறப் புற்று பரவிய ஒரு நோயாளரின் சலப்பையினுள்ளே பீ. சீ. ஜீ. ஏற்றி வெற்றி கண்டதாக எழுதினர். அடுத்த ஆண்டு கனடாவின் கிங்ஸ்ரன் நகரில் அல்வாறோ மொறாலெசும் துணைவரும், சலப்பையின் சொந்தப் புற்றுடைய ஒன்பதின்மருக்கு மருந்தைக் குழாய் வழியே சலப்பையினுட் செலுத்தி, நோய் மீளல் குறைந்ததெனக் காட்டினர். கினிப்பன்றி ஆய்வு விதித்த நான்கும் இங்கு அமைந்தன: சலப்பை ஒரு பை, உட்சுவரின் மேலோட்டமான சிறு புற்று, நிறைந்த கிருமி இரண்டு மணி நேரம் அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் என அவர் வகுத்த ஒழுங்கு இன்றும் வழக்கிலுள்ளது. ஆறு என்ற எண்ணுக்கு ஆழ்ந்த காரணம் தேடுவோர் ஏமாறுவர். அக்காலத்தில் மருந்து ஆறு குப்பிகள் கொண்ட பொதியாக வந்தது. எழுமாற்றுப் பரிசோதனைகளும் துணைநின்றமையால் 1990 இல் அமெரிக்க அரசு இதனை அங்கீகரித்தது.

தோலிலோ, 2011 முதல் நிர்ப்பீடனத்தின் தடைகளை நீக்கும் புதிய மருந்துகள் கருநிறப் புற்றின் சிகிச்சையை மாற்றியமைத்தன, முடிச்சினுள் பீ. சீ. ஜீ. ஏற்றுவோர் அருகினர். எனினும் முடிச்சினுள் ஊசியேற்றுதல் என்னும் முறை மறையவில்லை. கொடுமை குறைத்து மாற்றியமைத்த ஹேர்ப்பிஸ் வைரசு ஒன்றை முடிச்சுக்களில் ஏற்றும் சிகிச்சை 2015 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதற்கு ஆதாரமான ஆய்வில் 436 நோயாளர் எழுமாறாகப் பிரிக்கப்பட்டனர்; ஆறு மாதத்துக்குக் குறையாது நிலைத்த ஒடுக்கம் வைரசு பெற்றவருள் நூற்றுக்கு 16.3 பேரிலும், ஒப்புக்கு வேறு மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 2.1 பேரிலும் காணப்பட்டது. ஊசி படாத முடிச்சுக்களுள் எத்தனை வாடின என்பதையும் அவ்வாய்வாளர் தனியே எண்ணி வைத்தனர்.